மாயக் கதை எழுதுகிறவர்களுக்கு: உங்கள் பாத்திரங்களை நீங்களே வரைகிறீர்களா?

அல்சூர்_பரிசல் (இழையைத் தொடங்கியவர்)

பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் மாயக் கதை எழுதுகிறவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். உங்களோடு ஒரு விஷயம் பேச வேண்டும்.

நான் எழுதிக்கொண்டிருப்பது சிறுவர்களுக்கான சாகச நாவல். கதை நடக்கும் ஊர் நம்ம ஊர்தான். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கும் இடத்தில் முன்பு தர்மாம்புதி ஏரி இருந்தது. கண்டீரவா ஸ்டேடியம் நிற்பது சம்பங்கி ஏரியின் மேல். 1896இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ஊருக்குள் இருந்த ஏரிகளைக் குடிநீருக்கு நம்பும் தேவை குறைந்தது. ஒவ்வொன்றாக மைதானமாகவும் குடியிருப்பாகவும் மாறின. என் கதையில் பௌர்ணமி இரவுகளில் அந்த ஏரிகள் பழைய இடத்துக்கே திரும்பி வருகின்றன. பேருந்துகள் தண்ணீருக்கு அடியில் நிற்கும், ஆனால் நனையாது. அரும்பு என்ற பன்னிரண்டு வயதுப் பெண் காணாமல் போன தன் தாத்தாவைத் தேடிப் பரிசலில் கிளம்புகிறாள். கூட ஒரு யாளிக்குட்டி.

போகிற வழி மட்டும் கற்பனை இல்லை. அல்சூர் ஏரியிலிருந்து வழியும் நீர் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து வர்த்தூர், அப்புறம் தட்சிண பினாகினி. அந்த ஆறுதான் ஓசூர்ப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, தென்பெண்ணை என்ற பெயரில் கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் தாண்டி, கடலூர் அருகே கடலில் சேர்கிறது. அல்சூரில் பரிசல் ஏறுகிறவள் கடலூரில் இறங்கலாம். இப்படி ஒரு பாதை நம் காலடியில் ஓடுவது தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

இப்போது என் கேள்வி. கதை, படம் இரண்டையும் நானே செய்கிறேன். நண்பர்கள் எல்லோரும், "முதலில் கதையை முழுசாக எழுதி முடி, படத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எழுத உட்காரும் முன் அந்த அத்தியாயத்தின் ஆட்களை வரைந்து பார்த்தால் கதை வேறு மாதிரி வளர்கிறது. பரிசலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வட்டம். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அரும்பு எந்தப் பக்கம் பார்த்து மண்டியிட்டுத் துடுப்புப் போடுகிறாளோ அதுதான் முன். அவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் யாளிக்குட்டி அவள் முகத்தையும், அவள் முதுகுக்குப் பின்னால் வருவதையும் பார்த்துக்கொண்டே வருகிறது. துரத்தி வருபவனை முதலில் பார்ப்பது அதுதான், ஆனால் அதற்குப் பேச்சு வராது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க இந்த ஒரு பென்சில் படத்திலிருந்து வந்தது. எழுத்தில் மட்டும் யோசித்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

நீங்கள் எப்படி? எழுதிவிட்டு வரைகிறீர்களா, வரைந்துவிட்டு எழுதுகிறீர்களா?


மை_மணி

நான் ஜெயநகர். சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவதுதான் தொழில். மற்றவர்கள் எழுதிய கதைக்கு வரைகிறவள் நான், ஆனாலும் உங்கள் கட்சிதான். கை வரையும்போது கேள்வி கேட்கும். "அவள் வாளை எடுத்தாள்" என்று எழுதிவிடலாம். வரைய உட்கார்ந்தால் எந்தக் கையால், வாள் அதுவரை எங்கே இருந்தது, இடுப்பிலா முதுகிலா, உட்காரும்போது அது எங்கே இடிக்கும், எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

ஆனால் ஒரு ஒழுங்கு இருந்தால் நல்லது. ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் தனியாக ஒரு தாள் போடுங்கள். நேராக, பக்கவாட்டில், முக்கால் பக்கம், முதுகு. கீழே கோபம், பயம், சிரிப்பு, தூக்கக் கலக்கம். எல்லாப் பாத்திரங்களையும் ஒரே கோட்டின் மேல் வரிசையாக நிறுத்தி இன்னொரு தாள். யார் தோள் யாருக்கு எதுவரை என்பது அதில் முடிவாகிவிடும். வளர்ந்தவர் உடம்பு ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். பன்னிரண்டு வயதுப் பெண்ணை அதே கணக்கில் வரைந்தால் குட்டையான பெரியவளாகத் தெரிவாள். தலையைக் கொஞ்சம் பெரிதாகவும் தோளை ஒடுக்கமாகவும் வையுங்கள். இந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வேலை செய்தால் பத்தாவது படத்தில் முகம் மாறிப்போகாது.

உங்கள் கதையில் ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. முழுக்க இரவு. நிலா வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது. அதனால் அரும்புவின் பாவாடை சிவப்பா மஞ்சளா என்பது உதவாது, அவளை வடிவத்தால்தான் அடையாளம் காட்ட வேண்டும். பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். முகமோ உடையோ தெரியாமல், வெளிக்கோட்டை வைத்தே இன்னார் என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் வடிவம் இன்னும் வரவில்லை. ஒகேனக்கலில் பரிசல்காரர்கள் கரையில் நடக்கும்போது பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு போவார்கள், பார்த்திருப்பீர்கள். அரும்புவுக்கு ஒரு சின்னப் பரிசல் கொடுத்து, தரையில் நடக்கும்போதெல்லாம் அதைக் கவிழ்த்துத் தூக்க வையுங்கள். எந்த இருட்டிலும் அவளைத் தெரியும்.


நூலகப்பூனை

இருவரோடும் எனக்குக் கருத்து வேறுபாடு. கோபப்படாமல் கேளுங்கள்.

நான் படிக்கிறவள், வரையத் தெரியாது. சின்ன வயதில் படம் இல்லாத கதைகளில் எனக்குக் கிடைத்த முகங்கள் இன்றைக்கும் என்னோடு இருக்கின்றன. அவற்றை யாரும் வரைந்து கொடுக்கவில்லை. எழுத்தாளரே வரைந்து கொடுத்துவிட்டால் அதுதான் கடைசித் தீர்ப்பு. வேறு யாராவது வரைந்திருந்தால் "இவருக்கு அரும்பு இப்படித் தெரிகிறாள்" என்று தள்ளிவைத்துவிட்டு என் அரும்புவோடு நான் போகலாம். நீங்களே வரைந்ததை எப்படித் தள்ளுவேன்?

இரண்டாவது பயம், நேரம். வரையத் தெரிந்த எழுத்தாளர்கள் முதல் அத்தியாயத்தின் நாயகியையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டு கதையை அங்கேயே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். படம் வளரும், கதை வளராது.

குறைந்தபட்சம் வில்லனையாவது வரையாமல் விடுங்கள். பயம் என்பது வாசகர் மனதுக்குள் நடப்பது. மீசையும் கிரீடமும் போட்டுக் காட்டிவிட்டால் பயம் அந்த அளவோடு நின்றுபோகும்.


அல்சூர்_பரிசல்

பூனை, வில்லன் விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அவன் பெயர் நிரப்பி. ஏரிகளில் மண்ணைக் கொட்டுகிறவன். அவன் நடந்த இடத்தில் தண்ணீரின் மேல் காய்ந்த மண் தடம் மிதக்கும். படங்களில் அந்தத் தடம் மட்டும்தான் வரும், அத்தியாயத்துக்கு அத்தியாயம் நெருங்கி வரும். ஆளை எங்கேயும் காட்டப்போவதில்லை.

முகம் பற்றி நீங்கள் சொல்வது பெரியவர்கள் படிக்கும் கதைக்குப் பொருந்தும். நான் எழுதுவது இந்த ஊரில் வளரும் ஒன்பது, பத்து வயதுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு. அவர்களில் பலர் பள்ளியில் தமிழ் படிப்பதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்து என்பது பெரிய மலை. பக்கத்தில் படம் இருந்தால், "பரிசல்" என்ற சொல் தெரியாவிட்டாலும் அது தண்ணீரில் மிதக்கும் வட்டமான ஒன்று என்று பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைக்குப் படம் கைப்பிடி. அதை நான் எடுத்துவிட மாட்டேன்.

நேரம் பற்றிய பயம் நியாயமானது. எனக்கு நானே வைத்திருக்கும் விதி: கதை முடியும்வரை பென்சில் மட்டும், சின்னச் சின்னப் படம் மட்டும், அழிப்பான் கிடையாது. மை, வண்ணம் எல்லாம் கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு.


அச்சுக்கோப்பு

சிவாஜிநகரில் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி எழுதியதைப் படித்ததும் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன.

அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டு வழியே நடக்கும் படத்தை வரைந்தவர் சங்கர், 2020இல் காலமானார். அந்த ராஜாவின் முகம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும் என்று கேட்டால் தடுமாறுவார்கள். ஆனால் அந்த நடை, தோளில் தொங்கும் வெள்ளை உருவம், கையில் வாள், சுற்றிலும் இருட்டு, இதை யாரும் மறக்க மாட்டார்கள். ஜெயநகர் அம்மா சொன்ன வெளிக்கோடு இதுதான். இரண்டே உருவம், ஒன்றின் மேல் ஒன்று. தூரத்திலிருந்து பார்த்தாலும் இன்ன கதை என்று தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் படம் அச்சாவது துத்தநாக பிளாக்கில். கோட்டுப்படம் என்றால் கோடு இருக்கும் இடம் நிற்கும், மற்றதை அமிலம் அரித்துவிடும். கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவே சாம்பல் கிடையாது. சாம்பல் வேண்டுமானால் ஓவியர் கோடுகளை நெருக்கமாகப் போட வேண்டும், இல்லை புள்ளி வைக்க வேண்டும். படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைக்கும் ஆஃப்டோன் பிளாக்கில் சாம்பல் வரும், ஆனால் மட்டமான காகிதத்தில் புள்ளிகள் ஊறி எல்லாம் ஒரே அழுக்காகிவிடும். அதனால்தான் பழைய பத்திரிகை ஓவியர்களின் கோடு அவ்வளவு சுத்தம். அச்சாகப் போகும் அளவைவிடப் பெரிதாக வரைவார்கள், பிளாக் எடுக்கும்போது சுருங்கும், கை நடுக்கமும் கூடவே சுருங்கிப்போகும். இந்த ஒரு பழக்கத்தை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு பெரிதாக வரையுங்கள்.

ஆனால் சுருங்கும்போது மெல்லிய கோடு காணாமல் போகும், நெருக்கமான கோடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு படத்தை முழுசாக வரைந்து, சிறிதாக்கி ஒரு நகல் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

இன்னும் சில விஷயம், எல்லோரும் கடைசி நேரத்தில் வந்து தலையில் கை வைப்பவை. நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். கறுப்புக் கோட்டுப்படத்தை 600 டிபிஐயிலும் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) வண்ணப்படத்தை 300 டிபிஐயிலும், அச்சாகும் அளவுக்குக் கணக்குப் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்தின் ஓரம்வரை படம் போகிறது என்றால் வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்திருக்க வேண்டும். முக்கியமான முகத்தை இரண்டு பக்கங்கள் சேரும் மடிப்பில் வைக்காதீர்கள். திரையில் பளபளக்கும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்கும்; உங்கள் கதை நிலாவும் தண்ணீருமாக இருப்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன். காகிதத்தைச் சுல்தான்பேட்டையில் நேரே போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.


ஒயிட்ஃபீல்டு_அம்மா

இந்த இழை என் பெண்ணுக்காகவே தொடங்கியது மாதிரி இருக்கிறது. ஏழாம் வகுப்பு. நோட்டு நோட்டாகக் கதை எழுதுகிறாள், பக்கத்துக்குப் பக்கம் படம். பேசுவது தமிழ், கதையும் தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதுகிறாள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் எழுத்து வீட்டில் சொல்லிக்கொடுத்தது மட்டும். "தமிழில் எழுது" என்று நான் வற்புறுத்தினால் கதையையே நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று, அவள் வரையும் முகமெல்லாம் ஜப்பானியப் படக்கதை முகம். பெரிய கண், சின்ன மூக்கு. இதைத் திருத்த வேண்டுமா, அப்படியே விடலாமா?


மை_மணி

அம்மா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓவியர்கள் எல்லோருமே யாரையாவது பார்த்து வரைந்துதான் தொடங்கினார்கள். படக்கதையிலிருந்து அவள் கட்டம் பிரிப்பது, வேகம் காட்டுவது, ஒரு புருவத்தை வைத்துக் கோபம் காட்டுவது எல்லாம் கற்றுக்கொள்கிறாள். அது பெரிய பாடம். அதோடு கூடவே நேரில் பார்த்து வரைவதையும் பழக்குங்கள். ஊதா வழித்தட மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டிலிருந்து எங்கே போனாலும் நேரம் கிடைக்கும். முகம் வேண்டாம், கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை மட்டும் வரையச் சொல்லுங்கள். தூங்கி விழுகிறவர்களின் கழுத்துச் சாய்வு, மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்காருகிற விதம். ஒரு பாக்கெட் நோட்டும் பால்பாயின்ட் பேனாவும் போதும். கொஞ்ச நாளில் அந்தப் பெரிய கண்களுக்குக் கீழே நம்மூர் உடம்புகள் தானாக வந்துவிடும்.

எழுத்து விஷயத்தில் ஒரு யோசனை. அவள் கதையை வாய்விட்டுச் சொல்லட்டும், நீங்கள் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சுக் குமிழிகளை மட்டும் அவளே தமிழில் எழுதட்டும். இரண்டு மூன்று சொல்தானே. தன் படத்துக்குள் போகும் எழுத்து என்றால் பிள்ளைகள் அழகாக எழுத ஆசைப்படுவார்கள்.


பேட்டை_வாசி

அல்சூர் நண்பரே, உங்கள் கதைக்கு இந்த ஊரே சரக்கு வைத்திருக்கிறது. இரண்டைச் சொல்கிறேன்.

முதலில் கரகம். திகளரபேட்டை தர்மராயசுவாமி கோவிலில் கன்னட நாட்காட்டியின் சைத்ர மாதப் பௌர்ணமி இரவு நடப்பது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் திகளர் சமூகத்தாரின் விழா. திமிராசுரன் என்ற அசுரனை எதிர்க்கத் திரௌபதி ஆதிசக்தியாக உருவெடுத்து, தன்னிடமிருந்து வீரகுமாரர்கள் என்ற படையை உண்டாக்கினாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அவள் விடைபெறும்போது வீரகுமாரர்கள் போகவிடாமல் கேட்க, வருடத்துக்கு ஒருமுறை வருவதாக வாக்குக் கொடுத்தாளாம். அந்த வருகைதான் கரகம். தலையில் மல்லிகைக் கரகத்தோடு பெண் கோலத்தில் ஒருவர், சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள், பேட்டைத் தெருக்களில் விடிய விடிய ஊர்வலம், வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய் வரும். உங்கள் ஏரிகள் திரும்பி வருவதும் பௌர்ணமியில். நடந்துகொண்டிருக்கும் ஒரு நம்பிக்கையைக் கதைக்குள் அப்படியே தூக்கிப் போடுவதை நான் விரும்ப மாட்டேன், அது அந்த மக்களுடையது. ஆனால் நின்று பாருங்கள். கூட்டத்தின் நகர்வு, வாள் ஏந்தும் விதம், மல்லிகைக் குவியலின் உயரம், ராத்திரி வெளிச்சம், இதையெல்லாம் கண் வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது நடுகல். பேகூர் நாகேஸ்வரர் கோவிலில், ஏறக்குறைய 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு ஒன்றில் பெங்களூர்ப் போர் என்று வருகிறது. இந்த ஊர்ப் பெயருக்குக் கிடைத்த பழைய சான்று அது. பேகூரில் கிடைத்த, போர்க்காட்சி நிறைந்த பெரிய வீரக்கல் ஒன்று கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது. பொதுவாக இந்தக் கற்களில் பலவும் மூன்று அடுக்கு. கீழே சண்டை. நடுவில் செத்த வீரனைத் தேவமகளிர் தூக்கிப் போகிறார்கள். மேலே அவன் சிவலிங்கத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மூன்று கட்டப் படக்கதை, கீழிருந்து மேலே படிக்க வேண்டும். உங்கள் தாத்தாவின் கதையை ஒரு பக்கத்தில் இப்படி நிறுத்தி வரைந்து பாருங்களேன்.


நூலகப்பூனை

மூன்றடுக்குப் பக்கம் வந்தால் நான் வாங்குவேன், சொல்லிவிட்டேன்.

எனக்குச் சிலப்பதிகாரத்தின் ஐந்து மன்றங்கள் நினைவுக்கு வருகின்றன. இந்திரவிழா ஊரெடுத்த காதையில் புகார் நகரத்தைச் சொல்லும்போது வருபவை. வெள்ளிடை மன்றத்தில் திருட வந்தவன் எடுத்த மூட்டையைக் கழுத்து நோகச் சுமந்துகொண்டே சுற்றுவான், போக முடியாது. இலஞ்சி மன்றத்துக் குளத்தில் மூழ்கினால் கூனும் குறளும் நோயும் நீங்கும். நெடுங்கல் மன்றத்தில் நஞ்சுண்டவர்களும் பித்தேறியவர்களும் கல்லைச் சுற்றி வந்தால் குணமாவார்கள். பூதசதுக்கத்துப் பூதம் பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் கூடா ஒழுக்கத்தவர்களையும் பாசத்தால் கட்டி அடித்துத் தின்னும். பாவை மன்றத்துப் பாவை பேசாது. அரசன் முறை தவறினால் கண்ணீர் விட்டு அழும். ஒரு மாய நகரத்தை இதைவிடச் சுருக்கமாக யார் கட்டியிருக்கிறார்கள்? ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரு வேலை, ஒரு எல்லை.

மாயத்துக்கு விலை வேண்டும் என்பதற்கு மணிமேகலை. அவளுக்கு மூன்று மந்திரம் கிடைக்கிறது: வேற்றுருவம் எடுக்க, வானில் போக, பசி இல்லாமல் இருக்க. தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவம் எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் அதை உண்மையென்று நம்பி, உதயகுமரனை வெட்டிவிடுகிறான். தப்பிக்க எடுத்த உருவம் ஒரு உயிரை வாங்கிவிட்டது. உங்கள் நிரப்பிக்கும் அரும்புவுக்கும் கிடைக்கும் சக்திகளுக்கு இப்படி ஒரு விலை வைத்திருக்கிறீர்களா?


அல்சூர்_பரிசல்

பாவை மன்றத்தை நினைத்துக்கொண்டே இன்று வேலைக்குப் போனேன். பேசாமல் அழுகிற ஒன்று. என் யாளிக்குட்டிக்கும் பேச்சு வராது.

விலை வைத்திருக்கிறேன். அரும்பு ஒரு ஏரியை மறுபடி எழுப்பும்போதெல்லாம் தாத்தா சொன்ன ஒரு கதை அவளுக்கு மறந்துபோகும். மூன்று ஏரி, மூன்று கதை. கடைசியில் அவரை அடையாளம் காட்ட ஒரே ஒரு கதைதான் மிச்சம் இருக்கும். இதைப் படத்தில் எப்படிக் காட்டுவது என்பதுதான் இப்போதைய யோசனை. தாத்தா சொன்ன கதைகளில் வரும் உருவங்களை அவள் பாவாடையின் கரையில் சின்னச் சின்னதாக வரைந்து, ஒவ்வொன்றாகக் கரையை வெறுமையாக்கலாம் என்று நினைக்கிறேன். கதையில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. கவனிக்கிற பிள்ளை கண்டுபிடிக்கட்டும்.

யாளி பற்றியும் கேட்க வேண்டும். கர்நாடக அரசு முத்திரையின் நடுவில் இரண்டு தலைப் பறவை கண்டபேருண்டம், இரண்டு பக்கமும் யானைத் தலையும் சிங்க உடம்புமாக இரண்டு மிருகம். அரசு ஆபீஸுக்குப் போகிற யாரும் பார்ப்பதுதான். என் குட்டி அந்த இனம். நிற்க வைத்து வரைவது சுலபம், நடக்க வைத்தால் உடைகிறது. மணி அம்மா, கலப்பு மிருகத்துக்கு என்ன வழி?


மை_மணி

ஒரே ஒரு மிருகத்தின் எலும்புக்கூட்டை முதலாளியாக வையுங்கள். மற்றது விருந்தாளி. சிங்க உடம்பு என்றால் நடை, பதுங்கல், தாவல் எல்லாம் பூனைக் கணக்கு. பூனை விரல் நுனிகளில் நடக்கிறது, முதுகு வில்லாக வளையும். யானையின் கால் தூண், அது தாவவே தாவாது. இரண்டையும் பாதிப் பாதி போட்டால் உடைந்துதான் தெரியும். தலை மட்டும் யானை என்பதால் கழுத்தையும் தோளையும் கனமாக்குங்கள், அந்தத் தலையைத் தாங்க வேண்டும் அல்லவா. தும்பிக்கையில் எலும்பே கிடையாது, அதை முகத்தைவிட அதிகமாகப் பேச வைக்கலாம். பேசாத பாத்திரத்துக்கு அது பெரிய வரம். பயத்தில் சுருட்டிக்கொள்வது, சந்தேகத்தில் நுனியை மட்டும் நீட்டுவது. தெருப்பூனைகளை வரைந்து வைத்துக்கொண்டு தலையை மாற்றிப் பழகுங்கள்.

அல்சூர் சோமேஸ்வரர் கோவில் உங்களுக்குப் பக்கம்தானே. ராவணன் கயிலையைத் தூக்கும் சிற்பம் அங்கே இருக்கிறது. பாரம் தூக்கும் உடம்பு எப்படி வளைகிறது என்று பார்க்க நல்ல இடம். கேட்டுக்கொண்டு வரையுங்கள்.


கோரமங்களா_வாசகர்

எல்லாம் சரி, ஆனால் இப்போது வாக்கியத்தைக் கொடுத்தால் படம் தரும் மென்பொருள்கள் இருக்கின்றனவே. வேலைக்குப் போய்க்கொண்டு இவ்வளவையும் கையால் செய்ய வேண்டுமா? எழுதும் நேரம் மிச்சமாகுமே என்றுதான் கேட்கிறேன்.


அல்சூர்_பரிசல்

மிச்சமாகும் நேரத்தில் எனக்கு வேண்டியது போய்விடும். பரிசலுக்கு முன் பின் இல்லை என்பது வரையும்போது வந்தது. பாவாடைக் கரையும் அப்படித்தான். முடிந்த படமாக ஒன்று என் கைக்கு வந்தால் நான் பார்ப்பேன், ரசிப்பேன், ஆனால் முடிவுகளை வேறொன்று எடுத்திருக்கும். அந்த முடிவுகள்தான் என் கதை. திரையில் வரைவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வண்ணத்துக்குக் கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் வைத்திருக்கிறேன், இலவசம், நன்றாக இருக்கிறது.


வக்கீல்_வாசகி

ஒரு சின்னக் குறிப்பு, பயன்படும் என்பதால். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதி வரைந்த கணமே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் சான்றாக உதவும். கதை இலக்கியப் படைப்பு, படம் கலைப்படைப்பு, இரண்டும் தனித்தனி. ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 60 ஆண்டு. பதிப்பகத்துக்குக் கொடுக்கும்போது இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. அரும்பு பொம்மையாகவோ அசைபடமாகவோ ஆகலாம் என்ற எண்ணம் இருந்தால் அந்த உரிமைகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் யோசனைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஏரிகள் திரும்பி வருகின்றன என்ற கருவை வேறு யாரும் எடுத்து எழுதலாம். உங்கள் வரிகளையும் உங்கள் படங்களையும் எடுக்க முடியாது.


அச்சுக்கோப்பு

தம்பி, புத்தகம் தயாரானதும் ஜனவரியில் சித்ர சந்தைக்கு முயற்சி செய்யுங்கள். சித்ரகலா பரிஷத் நடத்துவது, குமாரகிருபா சாலை முழுக்க ஓவியர்கள் உட்காருவார்கள். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். புத்தகத்தைவிடப் பென்சில் படங்களைப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.


ஒயிட்ஃபீல்டு_அம்மா

மெட்ரோ யோசனை பலித்தது. கைகளாக ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. பேச்சுக் குமிழியும் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டாள், "ஐயோ" என்பதை மட்டும் இதுவரை. இந்த இழையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அல்சூர் மாமாவிடம் கேட்கச் சொன்னாள்: கடலூர் போய்ச் சேர்வதற்குள் யாளிக்குட்டி வளராதா? வளர்ந்தால் பரிசல் தாங்குமா?


அல்சூர்_பரிசல்

பாப்பாவிடம் சொல்லுங்கள், இதை இதுவரை யாரும் கேட்கவில்லை, நல்ல கேள்வி. கேட்டதும் வரைந்து பார்த்தேன். வர்த்தூர் தாண்டியதும் பரிசலுக்குள் இடம் போதவில்லை, விளிம்பு தண்ணீருக்குள் போகிறது. யானை நீந்தும்போது தும்பிக்கையை மேலே தூக்கி மூச்சு விடும். இவனும் அப்படியே பரிசலுக்குப் பக்கத்தில் நீந்தி வருவான். அப்படியானால் எதிரே உட்கார்ந்து பின்னால் பார்க்க யாரும் இல்லை. அரும்புவே திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும், துடுப்பு நிற்கும், பரிசல் சுற்றும். ஏழாம் அத்தியாயத்தை மாற்றி எழுதுகிறேன். பென்சில் படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன். பாப்பா வரைந்த கைகளையும் போடச் சொல்லுங்கள். துடுப்பைப் பிடிக்கும் கை எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.